நம்பர் நம்ம ஊருதான்... பேசுறது யாரு?

(மூன்றாமாண்டு மாணவர், எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் பிரிவு)



நம் அப்பா, அம்மா இளவயதில் இருந்தபோது ஊருக்கு ஒரு மஞ்சள் போர்டு எஸ்.டி.டி. பூத்தான். போன் வந்தால் கடைக்காரர் ஆள் அனுப்பிக் கூப்பிடுவாராம். ஓடிப்போய் எடுத்துக் காதில் வைத்தால் குரல் மட்டும்தான் கேட்கும். யார், எந்த ஊர் என்று காட்ட ஒரு திரையும் கிடையாது. அதனால் "யாரு பேசுறது?" என்பதுதான் முதல் கேள்வி. இன்றோ நம் கையில் இருக்கும் போன் எண்ணைக் காட்டுகிறது, பெயரைக் காட்டுகிறது, சில நேரம் படத்தைக்கூடக் காட்டுகிறது. எல்லாம் தெரிந்துவிட்டது என்று நினைத்து "யாரு பேசுறது?" என்று கேட்பதையே நாம் விட்டுவிட்டோம். அந்த இடைவெளியில்தான் திருடன் நுழைகிறான்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்றுதான். திரையில் தெரியும் எண் சாட்சி ஆகாது. நமக்கு வந்த அழைப்பு எதையும் நிரூபிக்காது. நாமே தெரிந்த எண்ணை அடித்துப் பேசினால்தான் அதை நம்பலாம். இது ஏன் அப்படி என்பதைக் கொஞ்சம் டெக்னிக்கலாகவும், கொஞ்சம் நம்ம வீட்டுப் பாஷையிலும் பார்ப்போம்.

திரைக்கு எண் எப்படி வருகிறது?

எங்க பிரிவில் ஸ்விட்ச்சிங் பாடம் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம். மெக்கானிக்கல், சிவில் நண்பர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன்.

ஒரு தபால் கவரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இரண்டு முகவரி இருக்கும். பெறுநர் முகவரி தப்பாக இருந்தால் கடிதம் போய்ச் சேராது. ஆனால் அனுப்புநர் முகவரி? அதில் "கலெக்டர் ஆபீஸ்" என்று எழுதினாலும் தபால் பெட்டி ஏற்றுக்கொள்ளும். தபால்காரரும் கொண்டுவந்து கொடுத்துவிடுவார். அனுப்பியவர் கலெக்டர்தானா என்று அவர் போய்ப் பார்ப்பதில்லை.

போன் கால் இதே மாதிரிதான். நாம் எண்ணை அடித்ததும் நம் எக்ஸ்சேஞ்ச் அடுத்த எக்ஸ்சேஞ்சுக்கு ஒரு சின்னத் தகவல் அனுப்புகிறது. அதில் கூப்பிடப்படும் எண், கூப்பிடும் எண் இரண்டும் இருக்கும். முதல் எண் இல்லாமல் கால் நகரவே நகராது. இரண்டாவது எண் வழி கண்டுபிடிக்கத் தேவையில்லை. அது வெறும் தகவல். கூப்பிடும் பக்கம் எதை நிரப்பி அனுப்புகிறதோ, அதை வாங்கும் பக்கம் அப்படியே திரையில் காட்டுகிறது.

இப்படி ஒரு ஓட்டையை ஏன் விட்டார்கள் என்று கேட்கலாம். உலகம் முழுவதும் பரவிய ஏழாம் எண் சிக்னலிங் முறை 1980 வாக்கில் வகுக்கப்பட்டது. அன்று அந்த வலையில் இருந்தவர்கள் அரசுத் தொலைபேசித் துறைகளும் விரல் விட்டு எண்ணக்கூடிய பெரிய கம்பெனிகளும்தான். ஒருவரை ஒருவர் நம்பினார்கள், போதுமானதாக இருந்தது. பிறகு இன்டர்நெட் வழியாகக் குரல் அனுப்பும் காலம் வந்தது. ஒரு கம்ப்யூட்டரும், கண்டுகொள்ளாத ஒரு கேட்வேயும் இருந்தால் எவனும் அந்த "அனுப்புநர்" இடத்தில் தனக்குப் பிடித்த எண்ணை நிரப்பலாம் என்றாகிவிட்டது. சென்னைக்கு 044, மதுரைக்கு 0452, கோவைக்கு 0422. இந்தக் கோடுகளை எழுதுவதற்கு அந்த ஊரில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை!

உள்ளூர் எண் வேஷம் போடும் மூன்று வழிகள்

முதல் வழி, பொய் எண். கால் வெளிநாட்டிலிருந்து வரும். திரையில் மட்டும் +91 என்று இந்திய எண் தெரியும். இதைத் தடுக்க நம் தொலைத்தொடர்புத் துறை 2024 அக்டோபரில் ஓர் ஏற்பாடு கொண்டுவந்தது. வெளிநாட்டு வழியாக உள்ளே வரும் கால் இந்திய எண்ணைக் காட்டினால், அந்தச் சந்தாதாரர் உண்மையிலேயே வெளிநாட்டில் ரோமிங்கில் இருக்கிறாரா என்று பார்க்கிறார்கள். இல்லையென்றால் கால் கட். தொடங்கிய முதல் 24 மணி நேரத்திலேயே சுமார் 1.35 கோடி கால்கள் இப்படி நிறுத்தப்பட்டதாக அரசு அறிவித்தது. ஒரே நாளில்! அமெரிக்காவில் வேறு வழி பிடித்தார்கள். கூப்பிடும் எண்ணுக்கு அந்தக் கம்பெனியே டிஜிட்டல் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும் என்பதை 2021 ஜூன் 30 முதல் பெரிய கம்பெனிகளுக்குக் கட்டாயமாக்கினார்கள்.

இரண்டாவது வழி, சிம் பாக்ஸ். இது இன்னும் மோசம். ஒரு பெட்டிக்குள் பத்து, முப்பது, ஏன் நூறு சிம்கூடப் போடலாம். எங்கோ வெளிநாட்டில் இருப்பவன் பேசும் குரல் இன்டர்நெட்டில் வந்து, இங்கே ஒரு வாடகை ரூமில் இருக்கும் இந்தப் பெட்டிக்குள் நுழைந்து, உள்ளூர் சிம் வழியாக நமக்கு வரும். இங்கே எண் பொய் இல்லை, சிம்மும் நிஜம், டவரும் நிஜம். பேசுபவன் மட்டும் அங்கே இல்லை. கால் நாட்டுக்குள்ளேயே தொடங்குவதால் மேலே சொன்ன தடுப்பு இதைப் பிடிக்காது.

மூன்றாவது வழி, பெயரும் படமும். கால் வந்ததும் பெயர் காட்டும் ஆப்களில் வரும் பெயர் பெரும்பாலும் மற்ற மக்கள் பதிந்து வைத்ததுதான். நாலு பேர் சேர்ந்து ஓர் எண்ணை "பேங்க் மேனேஜர்" என்று பதிந்தால் அப்படியே காட்டலாம். வாட்ஸ்அப்பில் போலீஸ் முத்திரையைப் படமாக வைக்க யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாம்.

"நம்ம ஊரு கோடு தம்பி..."

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார். மகளிர் குழுவில் கடன் வாங்கி, அதை பேங்கில் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் மத்தியானம் போன். எங்க ஊர் எஸ்.டி.டி. கோடோடு லேண்ட்லைன் எண். நல்ல தமிழில், மரியாதையாக, "உங்க குழுக் கடனுக்கு மானியம் வந்திருக்கும்மா, மெசேஜ்ல ஒரு நம்பர் வரும், சொல்லுங்க" என்றார்களாம். அவர் சொன்னார். 14,000 ரூபாய் போய்விட்டது.

அக்கா அதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டுக்காரர் திட்டுவார், குழுவில் கேவலமாகப் பேசுவார்கள் என்ற பயம். மூன்றாம் நாள்தான் என்னைக் கூப்பிட்டு மெசேஜைப் படிக்கச் சொன்னார். படித்ததும் எனக்கு விளங்கிவிட்டது. அவர் திரும்பத் திரும்பச் சொன்னது ஒரே வார்த்தைதான்: "நம்ம ஊரு கோடு தம்பி, அதான் நம்பினேன்."

நண்பர்களே, இதில் அக்கா முட்டாள் என்று ஒன்றும் இல்லை. வெளியூர் ஆளை நம்பாதே, உள்ளூர் ஆளை நம்பு என்பது நம் ஊர்களில் காலங்காலமாக வேலை செய்த அறிவு. அந்த நல்ல அறிவைத்தான் திருடன் ஆயுதமாக்கிக்கொண்டான். நம்மில் பலர் வீட்டில் நாம்தான் முதலில் படிக்க வந்தவர்கள். பேங்க் சலான், ரேஷன் மெசேஜ், ஆஸ்பத்திரி சீட்டு, எதுவானாலும் "டேய், இது என்னான்னு பாரு" என்று நம்மிடம்தான் நீட்டுவார்கள். ஆனால் நாம் காலேஜில் லேப்பில் நிற்கும்போதுதான் அந்தப் போன் வருகிறது. அப்போது அம்மாவுக்குத் துணை, நாம் ஏற்கெனவே சொல்லிக்கொடுத்தது மட்டும்தான்.

அடிக்கடி வரும் கதைகள்

1. பேங்க் கதை: "உங்க ஏ.டி.எம். கார்டு பிளாக் ஆயிடும், கே.ஒய்.சி. முடிக்கணும், ஓ.டி.பி. சொல்லுங்க." எந்த பேங்கும் ஓ.டி.பி.யை, பின் நம்பரைப் போனில் கேட்காது. பேங்க், இன்சூரன்ஸ் போன்றவை சேவைக்காகக் கூப்பிட 1600 என்று தொடங்கும் எண் வரிசையை அரசு 2024-இல் ஒதுக்கியது. விளம்பரக் கால்களுக்கு 140 வரிசை. சாதாரணப் பத்து இலக்க மொபைலிலிருந்து "பேங்க்" பேசினால் அங்கேயே சந்தேகப்படுங்கள். எந்த வரிசையாக இருந்தாலும் ஓ.டி.பி. மட்டும் சொல்லக்கூடாது.

2. கரண்ட் கதை: "போன மாச பில் கட்டலை, இன்னிக்கு ராத்திரி 9.30-க்கு லைன் கட். இந்த ஆபீசருக்கு போன் பண்ணுங்க." 2022-இல் இது தமிழ்நாடு முழுக்க மெசேஜாகப் பறந்தது. போன் செய்தால் ஓர் ஆப் இறக்கச் சொல்வார்கள். அது நம் திரையை அப்படியே அவனுக்குக் காட்டும் ஆப். பிறகு நாம் அடிப்பதெல்லாம் அவன் கண்ணில்.

3. தவறுதலாகப் போட்ட பணம்: "தம்பி, ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டியது, உங்க நம்பருக்கு வந்திருச்சு, திருப்பி அனுப்புங்க." கூடவே பணம் வந்ததாக ஒரு மெசேஜ். அதை உற்றுப் பாருங்கள். பேங்க் மெசேஜ் பத்து இலக்க மொபைல் எண்ணிலிருந்து வராது. இருப்பைப் பார்க்காமல் ஒரு பைசா அனுப்பாதீர்கள்.

4. உதவித்தொகைக் கதை: இது நம்மைக் குறிவைத்தது. கல்வித்துறையிலிருந்து பேசுவதாக அப்பாவைக் கூப்பிடுவான். நம் பெயர், படிப்பு எல்லாம் சரியாகச் சொல்வான். "பணம் வர இந்த க்யூ.ஆர். கோடை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பான். இங்கே ஒரு சூத்திரத்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: யு.பி.ஐ.யில் பணம் வாங்குவதற்குப் பின் தேவையே இல்லை. பின் போட்டால் பணம் நம்மிடமிருந்து போகிறது என்று அர்த்தம். நம் பெயர் அவனுக்குத் தெரிந்திருப்பதும் சாட்சி ஆகாது. எத்தனை இடத்தில் நாம் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறோம், யோசியுங்கள்!

5. கூரியர், போலீஸ் கதை: "உங்க பேர்ல பார்சல்ல போதைப்பொருள் இருக்கு" என்று தொடங்கி, வீடியோ காலில் காக்கிச்சட்டையோடு ஒருவன் வந்து "டிஜிட்டல் அரெஸ்ட்" என்பான். காலை வெட்டாதே, யாரிடமும் சொல்லாதே என்பான். நம் நாட்டுச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. பிரதமரே 2024 அக்டோபர் 27-ஆம் தேதி வானொலி உரையில் இதை மக்களுக்குச் சொன்னார்.

6. ஸ்டார் நம்பர் கதை: "உங்க சிம்மில் கோளாறு, ஸ்டார் 401 ஸ்டார் போட்டு இந்த நம்பரை அடிங்க." அடித்தால் நமக்கு வரும் கால் எல்லாம் அவனுக்குத் திரும்பும். குரல்வழி ஓ.டி.பி.யும் சேர்த்துத்தான். இப்படிக் குறியீடு அடித்துக் கால் திருப்பும் வசதியை 2024 ஏப்ரல் 15 முதல் நிறுத்தச் சொல்லி அரசு உத்தரவிட்டது. இருந்தாலும் யார் சொல்லியும் எந்த ஸ்டார் குறியீட்டையும் அடிக்காதீர்கள். சந்தேகம் வந்தால் போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் எதுவும் ஆன் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள்.

கதை மாறும், எலும்பு மாறாது

நாளைக்கு ஏழாவது கதை வரும், எட்டாவது வரும். கதைகளை மனப்பாடம் செய்து முடியாது. ஆனால் எல்லாக் கதைக்கும் உள்ளே நாலே நாலு எலும்புதான்.

ஒன்று, அவசரம்: "இப்பவே, பத்து நிமிஷத்துல."
இரண்டு, பயம் அல்லது ஆசை: கைது என்பான், இல்லையென்றால் மானியம் என்பான்.
மூன்று, தனிமை: "யார்கிட்டயும் சொல்லாதீங்க, லைன்லயே இருங்க."
நான்கு, சாவி: ஓ.டி.பி., பின், ஆப், க்யூ.ஆர்., ஸ்டார் குறியீடு. இதில் ஏதாவது ஒன்றை நம் கையாலேயே எடுத்துக் கொடுக்க வைப்பான்.

இதில் மூன்றாவதுதான் முக்கியம். பக்கத்தில் ஓர் ஆளிடம் சொன்னால் அவன் ஆட்டம் முடிந்தது. அதனால்தான் லைனை வெட்ட விடமாட்டான். ஆகவே மருந்தும் அங்கேதான் இருக்கிறது. போனை வைத்துவிடுங்கள். பாஸ்புக்கிலோ, ஏ.டி.எம். கார்டின் பின்பக்கத்திலோ அச்சடித்த எண்ணை நாமே அடித்துக் கேளுங்கள். அவன் கொடுத்த எண்ணையோ, கூகுளில் தேடியதும் முதலில் வந்த எண்ணையோ அடிக்கக்கூடாது. உண்மையான அதிகாரியாக இருந்தால் நாம் போனை வைத்ததற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். "பதறாத காரியம் சிதறாது" என்று நம் பாட்டிமார் சொன்னது இதற்கும் பொருந்தும்.

சொந்தக்காரர் குரலிலேயே "ஆக்சிடென்ட், பணம் அனுப்பு" என்று வந்தாலும் இதே விதிதான். இன்று கம்ப்யூட்டர் குரலையும் நகல் எடுக்கும். வீட்டில் எல்லாரும் ஒரு ரகசிய வார்த்தை பேசி வைத்துக்கொள்ளுங்கள். செத்துப்போன ஆட்டுக்குட்டியின் பெயராக இருந்தாலும் சரி, வெளியாளுக்குத் தெரியாததாக இருக்கட்டும்.

பணம் போய்விட்டால்?

உடனே 1930. இது இணையக் குற்றப் பண மோசடிக்கான நாடு முழுவதற்குமான உதவி எண். திருடிய பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போகும். அங்கிருந்து வேறொன்று, பிறகு இன்னொன்று. கடைசியில் ஏதோ ஓர் ஏ.டி.எம்.மில் நோட்டாக வெளியே வந்துவிடும். 1930-இல் சொன்னதும் பேங்குகளுக்குத் தகவல் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கேயே முடக்கப் பார்ப்பார்கள். நாம் தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணத்துக்கு ஒரு பஸ் டிக்கெட்!

பேங்குக்கும் உடனே சொல்ல வேண்டும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிப்படி, வாடிக்கையாளரே ஏமாந்து ரகசிய எண்ணைச் சொல்லியிருந்தாலும், பேங்குக்குத் தகவல் கொடுத்த பிறகு நடக்கும் நஷ்டம் பேங்கின் பொறுப்பு. புகாரின் எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பணம் போகவில்லை, சந்தேகக் கால் மட்டும் வந்தது என்றால், அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சக்ஷு என்ற பகுதியில் தெரிவிக்கலாம். 2024 மார்ச்சில் தொடங்கியது.

எங்கள் தெரு அக்கா இழந்த இரண்டு நாளைப் பணத்தால் அளக்க முடியாது. அவரைத் தடுத்தது தொழில்நுட்பம் தெரியாததல்ல, திட்டு வாங்கும் பயம். ஆகையால் வீட்டில் இன்றே சொல்லிவிடுங்கள்: "எவ்வளவு போனாலும் சரி, உடனே சொல்லு, ஒருத்தரும் திட்ட மாட்டோம்." இந்த ஒரு வாக்குறுதி எந்த ஆப்பை விடவும் பெரிய பாதுகாப்பு.

வலை நமக்கும் விரிக்கப்படுகிறது

இதுவரை ஏமாறும் பக்கம் பார்த்தோம். இன்னொரு பக்கமும் இருக்கிறது. சிம் பாக்ஸில் போட சிம் வேண்டும். பணம் கடத்த பேங்க் கணக்கு வேண்டும். அதற்கு அவர்கள் தேடுவது பதினெட்டு வயது முடிந்த, கைச்செலவுக்குக் காசில்லாத நம்மை மாதிரிப் பையன்களைத்தான். "உன் பேர்ல ஒரு சிம் வாங்கிக் கொடு, ஒரு அக்கவுண்ட் ஓப்பன் பண்ணிக் கொடு, கமிஷன் தர்றேன்" என்று யாராவது கேட்டால், அது நட்பும் அல்ல, பார்ட் டைம் வேலையும் அல்ல. போலீஸ் தேடி வரும்போது முதலில் கிடைப்பது நம் பெயரும் நம் விலாசமும்தான்.

2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் எண்ணை மாற்றிக் காட்டுவதற்கும், ஏமாற்றி சிம் வாங்குவதற்கும் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 50 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. நம் பெயரில் எத்தனை சிம் ஓடுகிறது என்பதையும் சஞ்சார் சாத்தியில் பார்த்துக்கொள்ளலாம். நமக்குத் தெரியாத எண் இருந்தால் அங்கேயே ஆட்சேபம் தெரிவிக்கலாம்.

வெளிநாட்டு வேலை என்றும் வலை வருகிறது. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரில் அடைத்து, மோசடி வேலை செய்ய வைக்கிறார்கள் என்று 2022 செப்டம்பரில் வெளியுறவு அமைச்சகம் எச்சரித்தது. அப்படி மாட்டியவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் இரண்டே நாளில் 549 இந்தியர்கள் விமானப்படை விமானங்களில் மீட்டுக் கொண்டுவரப்பட்டார்கள். நமக்கு வரும் போனில் மிரட்டுபவனும் சில நேரம் இப்படி அடைபட்ட ஒரு படித்த பையனாக இருக்கலாம். டிப்ளமோ முடித்து வேலை தேடும் நமக்கு இதைவிடப் பெரிய பாடம் வேறில்லை.

வீட்டுச் சுவரில் ஒட்ட ஐந்து வரி

இந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு மலரை அலமாரியில் வைத்துவிடாதீர்கள். கீழே உள்ள ஐந்து வரியை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டில் காலண்டர் பக்கத்தில் ஒட்டுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கு வாயால் சொல்லிப் பழக்குங்கள். முடிந்தால் நீங்களே நண்பன் போனிலிருந்து கூப்பிட்டு ஒரு ஒத்திகை பாருங்கள். அம்மா "வைக்கிறேன்" என்று வைத்துவிட்டால் அவர் பாஸ்!

1. நம்ம ஊரு நம்பரா இருந்தாலும், ஆளு நம்ம ஊருன்னு அர்த்தம் இல்லை.
2. மெசேஜ்ல வந்த நம்பரை யாருக்கும் சொல்லாதே.
3. பணம் வாங்க பின் போட வேண்டாம்.
4. அவசரப்படுத்துனா போனை வை, வீட்டுல ஒருத்தர்கிட்ட சொல்லு.
5. பணம் போச்சுன்னா அந்த நிமிஷமே 1930.

நம்மைப் படிக்க வைக்க நம் வீட்டில் எவ்வளவு பாடுபட்டுப் பணம் சேர்க்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அந்தப் பணத்தைக் காப்பாற்றிக் கொடுப்பதும் நம் படிப்பின் ஒரு பயன்தான். விழித்திருப்போம், வீட்டையும் விழிக்க வைப்போம்!